பாலம் விமானப்படை அருங்காட்சியகம்: பால்சா மரம் அறுத்த கைகளுக்கு ஒரு முழுப் பகல்

டெல்லிக்குப் போகிறவர்களுக்கு யார் பட்டியல் போட்டுக் கொடுத்தாலும் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட் என்று நீண்டு, பாலம் விமானப்படை அருங்காட்சியகம் கடைசி வரியில்தான் வரும். பல பட்டியல்களில் வரவே வராது. விமானத்தின் மேல் துளி ஆர்வம் உள்ளவராக இருந்தால்கூட, இதை முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சிறு வயதில் பால்சா என்ற லேசான மரத்தை அறுத்து, மெல்லிய தாளை ஒட்டி, இயந்திரம் பொருத்தி மாதிரி விமானம் விட்டவர் என்றால், வேறு எதையும் பார்க்காமல் திரும்பினாலும் பரவாயில்லை.

உள்நாட்டு விமான முனையத்துக்குப் பக்கம், விமானப்படைத் தளத்தை ஒட்டி இருக்கிறது. திங்கள், செவ்வாய் விடுமுறை. நான் போனபோது நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. படைத் தளத்தை ஒட்டிய இடம் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1967இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் இது. ஒரு பெரிய கொட்டகைக்குள் பழைய விமானங்கள், வெளியே திறந்தவெளியில் பிற்கால ஜெட் விமானங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியே நிற்கும் மிக்-21 முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் கணக்கில் உள்ளே இருப்பவைதான் இந்த இடத்தின் உயிர்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தேன். அங்கே ஏரோமாடலிங், அதாவது மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுவது, ஒரு பாடமாகவே உண்டு. எங்களுக்குக் கிடைத்தது கல்கத்தாவில் செய்த அரோரா டீசல் இயந்திரம். உள்ளங்கையில் அடங்கிவிடும். தீப்பொறிப் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்துகிற அழுத்தத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். எரிபொருளையும் நாங்களே கலப்போம்: ஈதர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு. தலையில் இருக்கும் கம்ப்ரஷன் திருகைச் சிறிது இறக்கி, எரிபொருள் வரும் நீடில் வால்வைத் திறந்து, புரொப்பெல்லரை ஆள்காட்டி விரலால் சுண்ட வேண்டும். சுண்டச் சுண்ட, 'டப்' என்று ஒரு சத்தம் வந்து நின்றுபோகும். இன்னும் கால் சுற்று இறக்கி மறுபடி சுண்டினால் திடீரென்று பிடித்துக்கொண்டு அலறும். அந்த நேரத்தில் விரலை இழுத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த விளக்கெண்ணெயும் ஈதரும் சேர்ந்த வாசனை சட்டையை விட்டு இரண்டு வெளுப்புக்குப் போகாது.

எங்கள் விமானங்கள் ரேடியோவில் பறக்கவில்லை, கம்பியில் பறந்தன. நடுவில் நிற்பவன் கையில் ஒரு கைப்பிடி; அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் இடது இறக்கைக்குள் போய் பெல் கிராங்க் என்ற சிறு நெம்புகோலில் முடியும்; அங்கிருந்து ஒரு தண்டு வாலில் இருக்கும் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் பலகையை, அசைக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். விமானம் நம்மைச் சுற்றி வட்டமடிக்கும், நாமும் அதோடு சுற்ற வேண்டும். கம்பி தளர்ந்தால் விமானம் கையை விட்டுப் போய்விடும். அதனால் வெளிப்பக்க இறக்கையின் நுனியில் தூண்டில் ஈயம் ஒன்றை வைத்து ஒட்டுவோம், இயந்திரத்தையும் சற்றே வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் பொருத்துவோம். என் அப்பா பீளமேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தேய்ந்துபோன பிஸ்டனைக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை புதிது கடைந்து தருவார். கோயம்புத்தூரில் பிறந்ததன் பலன் அது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் என் கண் துப்பாக்கியையோ குண்டையோ தேடவில்லை. எதன்மேல் எதை ஒட்டியிருக்கிறார்கள், எங்கே மரம், எங்கே துணி, எங்கே தகடு என்றுதான் தேடியது. அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கொட்டகை விமானம் கட்டும் கலையின் முழு வரலாறு.

முதலில் வாப்பிட்டி. 1933 ஏப்ரல் 1ஆம் தேதி கராச்சியில், டிரிக் ரோடு தளத்தில், இந்திய விமானப்படையின் முதல் ஸ்க்வாட்ரன் (படைப்பிரிவு) தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கே நான்கு வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி விமானங்கள். இரட்டை அடுக்கு இறக்கை, இடையில் தாங்குகம்பங்கள், குறுக்கும் நெடுக்குமாக முறுக்கிக் கட்டிய கம்பிகள், மூக்கில் ஒன்பது சிலிண்டர்களை நட்சத்திரம்போல் விரித்து வைத்த ஜூபிடர் இயந்திரம். உலகத்தில் மிஞ்சியிருக்கும் முழு வாப்பிட்டி இது ஒன்றுதான். அதற்காகவே பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆர்வலர்கள் தேடி வருகிறார்கள். நம்மவர்கள் பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹரிக்கேன் போர் விமானம். இதன் முன்னால் நிதானமாக நில்லுங்கள். முன்பாதியில் உலோகத் தகடு. விமானியின் இருக்கைக்குப் பின்னால் வந்ததும் மேற்பரப்பு மாறிவிடும். வால்வரை நீளவாக்கில் மெல்லிய வரப்புகள் ஓடுவது தெரியும். உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துணி, துணி விறைப்பாவதற்காக அதன்மேல் டோப் என்ற பூச்சு. நாங்கள் செய்ததும் இதையேதான். எங்கள் துணி ஒரு டிஷ்யூ தாள், அவ்வளவுதான் வித்தியாசம். தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, அது காய்ந்து இறுகியதும் டோப்பைத் தூரிகையால் இழுத்தால் முரசுத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். விரலால் தட்டினால் ஒலிக்கும். துணி போர்த்திய அதே ஹரிக்கேன்களை ஓட்டிக்கொண்டுதான் 1944இல் இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையிலான அதே முதல் ஸ்க்வாட்ரன் ஜப்பானியர்களை எதிர்த்தது. துணியைத் துளைத்துக்கொண்டு போன குண்டுக்குப் பெரும்பாலும் ஓர் ஒட்டுப்போட்டால் போதும், மறுநாள் பறக்கலாம். தகடு என்றால் அந்த வேலை அவ்வளவு சுலபமில்லை.

அதே கொட்டகையில் ஸ்பிட்ஃபயர். இதில் துணியைத் தேடாதீர்கள். உடல் முழுக்க அலுமினியத் தோல். அந்தத் தோலே பாரத்தைத் தாங்குகிறது. ஹரிக்கேனையும் இதையும் மாறி மாறிப் பார்த்தால் 1930களில் விமானக் கட்டுமானம் எங்கிருந்து எங்கே தாவியது என்பது புத்தகம் இல்லாமலே விளங்கிவிடும். இங்கிருப்பது பிற்கால வகை, முந்தைய வகைகளில் இருந்த மெர்லின் இயந்திரத்துக்குப் பதில் கிரிஃபன் இயந்திரம் பொருத்தியது. மெர்லின் புரொப்பெல்லரை ஒரு திசையில் சுற்றும், கிரிஃபன் அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். மெர்லினில் பழகிய விமானிகள் கிரிஃபனில் ஏறியபோது, மேலெழும் ஓட்டத்தில் விமானம் மறுபக்கம் இழுக்கும். கால் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தூண்டில் ஈயம் ஒட்டியவனுக்கு இது உடனே புரியும். புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் உருளப் பார்க்கும். கம்பியில் எங்கள் விமானம் நடுவில் நிற்பவனை நோக்கிச் சாயாமல் இருக்கத்தான் அந்த ஈயம்.

இப்போது வாம்பயருக்கு வருகிறேன். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1948 நவம்பரில் இந்தியாவுக்கு முதல் வாம்பயர்கள் வந்தன. நம் விமானப்படையின் முதல் ஜெட் விமானம் அதுதான். பிறகு பெங்களூருவில் எச்.ஏ.எல். என்ற அரசு விமானத் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டது. இரண்டு வால்தண்டுகள், நடுவில் முட்டை வடிவக் கூடு, அதில் விமானி, அவருக்குப் பின்னால் ஜெட் இயந்திரம். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதை உலோகம் என்றே நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். இறக்கைகளும் வால்தண்டுகளும் உலோகம்தான். விமானி உட்கார்ந்திருக்கும் அந்தக் கூடு மரம். இரண்டு ஒட்டுப்பலகைத் தோல்கள், அவற்றுக்கு நடுவில் பால்சா. ஆம், எங்கள் பள்ளியில் பிளேடால் அறுத்த அதே பால்சா. டி ஹாவிலண்ட் நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் மஸ்கிட்டோ விமானத்துக்குக் கையாண்ட வேலைப்பாட்டை ஜெட் யுகத்துக்கும் கொண்டுவந்துவிட்டது. எடையே இல்லாத மரத்தை இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவில் வைத்து, வளைந்த அச்சின்மேல் போட்டு அழுத்தி ஒட்டினால் வருகிற உறுதி, தனித்தனியாக அந்த இரண்டில் எதற்கும் கிடையாது. மேற்பரப்பும் வழவழப்பாக அமைந்துவிடும். ஆணித் தலைகள், தகட்டு விளிம்புகள் எதுவும் காற்றுக்குக் குறுக்கே நிற்காது.

கூட வந்திருந்த அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனிடம் இதைச் சொன்னேன். நம்பவில்லை.

"மாமா, ஜெட் விமானம் எப்படி மரத்தில் பறக்கும்? தீப்பிடிக்காதா?"

"இயந்திரம் பின்னால் தனியாக இருக்கிறது, பார். முன்னால் இருக்கிற கூடுதான் மரம். அந்த வளைவில் எங்காவது ஆணி வரிசை தெரிகிறதா?"

தரையில் குந்தி உட்கார்ந்து, கூட்டின் அடிவயிற்றை வெகுநேரம் பார்த்தான். பிறகு இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். "அங்கே இருக்கிறது, இங்கே இல்லை" என்றான். அதற்குப் பிறகு அவனை அந்த விமானத்தை விட்டு நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது. எந்தச் செயலியும் விளையாட்டும் அவனை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பால்சா தாராளமாகக் கிடைத்ததில்லை. ஈக்குவடார் நாட்டிலிருந்து வரும் மரம். பள்ளிக்கு வந்த பலகைகளை ஆசிரியர் பூட்டி வைத்திருப்பார். துண்டு மிஞ்சினால் அதற்குச் சண்டையே நடக்கும். இறக்கை நுனிகளுக்கு நெட்டியைச் செதுக்கி ஒட்டியிருக்கிறோம், வால் தாங்கிகளுக்குக் கல்யாண முருங்கையைச் சீவியிருக்கிறோம். அந்த அருமையான மரம் நாட்டின் முதல் ஜெட் போர் விமானத்துக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், எங்களில் இன்னும் சிலர் விமானப் பொறியியல் படித்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜப்பானின் ஓகா என்ற தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்றும் இங்கே இருக்கிறது. மர இறக்கை, பின்னால் ராக்கெட்டுகள், மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து. பெரிய விமானத்தின் வயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுபோய், கப்பல் தெரிந்ததும் விடுவிப்பார்கள். ஓட்டுபவர் திரும்பி வருவதற்கென்று அதில் ஏற்பாடே இல்லை. மாதிரி விமானம் அளவுக்கு எளிமையான பொருளுக்குள் ஓர் இளைஞனை உட்கார வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகாமல், நின்று விளக்கிச் சொல்லுங்கள். இந்தக் கொட்டகையில் இருப்பவை எதற்காகக் கட்டப்பட்டவை என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

டைகர் மாத், ஹார்வர்டு, டெம்பெஸ்ட் எல்லாமே பார்க்கத் தகுந்தவை. லைசாண்டரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். உயரமான கால்கள், தோளில் ஏற்றிய இறக்கை, 1942இல் பர்மாவில் கே.கே. மஜும்தார் தலைமையில் நம் விமானிகள் ஓட்டிச் சென்ற வகை. அதை வடிவமைத்தவர் டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர். வெளியே நிற்கும் கான்பெரா குண்டுவீச்சு விமானமும் அவர் கைவண்ணம்தான். அதைத் தாண்டிப் போனால் நிற்கிற குட்டி 'நாட்' போர் விமானமும் அவருடையதே. மெதுவாகப் பறக்கிற லைசாண்டர் 1936இல், ஜெட் குண்டுவீச்சு விமானமான கான்பெரா 1949இல், நாட் 1955இல். ஒரே மனிதரின் மூன்று படைப்புகளை ஒரே வளாகத்தில் நடந்தே பார்த்துவிடலாம். போர் விமானங்கள் எடையிலும் விலையிலும் வீங்கிக்கொண்டே போகின்றன என்று கவலைப்பட்டு, பிடிவாதமாகச் சின்னதாக வரைந்தார் பெட்டர். நாட் விமானத்தின் இறக்கை அகலம் 7 மீட்டர்கூட இல்லை. 1965, 1971 போர்களில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளை அது எப்படித் திணறடித்தது என்பதை எல்லாரும் படித்திருப்பீர்கள். பக்கத்தில் போய் நின்றால், எதிரி ஏன் அதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டான் என்பது புரிந்துவிடும்.

லிபரேட்டருக்கு ஒரு சபாஷ். போர் முடிந்து பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் கைவிட்டுப் போன, ஒவ்வொன்றிலும் நான்கு இயந்திரங்கள் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள் அவை. மறுபடி பறக்கக் கூடாது என்றே சிதைத்துவிட்டுப் போனார்கள். எச்.ஏ.எல். தொழிலாளர்கள் அந்தக் குவியலிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவற்றைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்று முழுமையாகப் புதுப்பித்தார்கள். 1968 வரை அவை நம் படையில் பறந்தன. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காட்சிக்கு நிற்கும் லிபரேட்டர்களில் சில இங்கிருந்து போனவை. அந்தத் தொழிலாளர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாவின் பட்டறை நினைவுக்கு வரும். உதிரிபாகம் கிடைக்காத நாட்டில் எதையும் ஓட வைத்துவிடுகிற கைகள் அவை.

திறந்தவெளியில் நான் அதிக நேரம் நின்றது நம் நாட்டிலேயே கட்டிய மாருத் ஜெட் போர் விமானத்தின் முன்னால். ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த கர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து நம் பொறியாளர்களோடு வரைந்தது. 1961 ஜூன் 17ஆம் தேதி முதலில் பறந்தது. மொத்தம் 147 கட்டினார்கள். வடிவம் கச்சிதமாக அமைந்தும், அதற்கேற்ற வலுவான இயந்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. நாட் விமானத்தில் ஒன்று பொருத்துகிற ஆர்ஃபியஸ் வகையில் இரண்டைப் பொருத்தித்தான் ஓட்டினார்கள். நினைத்த வேகத்தை அது எட்டவே இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

ஏரோமாடலிங் செய்தவர்களுக்கு மாருத்தின் கதையில் வேறொரு பகுதி இனிக்கும். உலோகத்தில் கை வைக்கும் முன், முழு அளவில், மரத்தில், இயந்திரமே இல்லாமல் ஒரு மாருத்தைக் கட்டினார்கள். 1959இல் டகோட்டா சரக்கு விமானத்தோடு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு உயரே போய் அவிழ்த்துவிட்டார்கள். சோதனை விமானி அதை இறக்கிக்கொண்டு வந்தார். திரும்பத் திரும்பப் பறக்கவிட்டு, எந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்த பிறகுதான் உலோகத்துக்குப் போனார்கள். புது மாடல் ஒன்றைக் கட்டி முடித்ததும் நாங்கள் இயந்திரத்தை முடுக்க மாட்டோம். புல்தரையில் முழங்காலிட்டு, கையால் மெல்ல எறிந்து, மூக்கு கனக்கிறதா வால் கனக்கிறதா என்று பார்ப்போம். கர்ட் டாங்க் செய்ததும் அந்தச் சோதனைதான்.

சுகோய்-7 விமானத்தின் கிழிந்த பின்பகுதியையும் விடாமல் பாருங்கள். 1971 போரில் ஏவுகணை தாக்கியும் விமானியைத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த விமானம் அது.

யாருக்கு இந்த இடம் பொருந்தாது? மின்னும் திரைகளையும் பொத்தான்களையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குப் பொருந்தாது. இங்கே பொருள்தான் பேசும், கேட்கிறவர் கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும். வெயில் காலத்தில் திறந்தவெளிப் பகுதியைக் காலையிலேயே முடித்துவிட்டுக் கொட்டகைக்குள் போவது நல்லது. குளிர்காலம் என்றால் எப்படியும் பார்க்கலாம். பெரியவர்களை அழைத்துப் போனால் வெளிப்பகுதியை இரண்டு தவணையாகப் பாருங்கள், நடக்க வேண்டிய தூரம் இருக்கிறது. கீழே குனிந்து பார்க்கத் தயங்காதீர்கள். விமானத்தின் கட்டுமானம் அடிவயிற்றில்தான் தெரியும்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் அக்கா மகனுக்கு நுரைப்பலகையில் செய்த பேட்டரி ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்த கையோடு பறக்கிறது, ரேடியோவில் சொன்னபடி கேட்கிறது. மூன்றாவது இறக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கழன்றுவிட்டது. உதிரிபாகம் கிடையாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். பறக்கவிடும் மகிழ்ச்சிக்கு அது போதும். விமானம் எப்படி நிற்கிறது, எப்படிப் பறக்கிறது என்று கற்றுக்கொள்ள, பிள்ளை தன் கையால் ஒரு விலாச் சட்டத்தையாவது அறுத்து ஒட்ட வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் ஆணானாலும் பெண்ணானாலும் சேர்த்துவிடுங்கள். ஏரோமாடலிங் இன்றைக்கும் அங்கே உண்டு.

டெல்லிவரை போக முடியாத தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. 2001இல் திறந்தது, மாருத்தை அங்கேயும் அருகில் போய்ப் பார்க்கலாம், இயந்திரங்களின் குறுக்குவெட்டும் காட்சிக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு டெல்லிக்குப் பணம் சேருங்கள். வாப்பிட்டிக்கு வேறு இடம் கிடையாது.